புல்லுக்கு உரம் போடும் முன்: டாம்பா விரிகுடாப் பக்கம் முதல் வீடு வாங்கியவர்களுக்கு

ஊரில் நமக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. மழை வந்தால் மண் ஈரமாகும், ஈரம் இருக்கும்போதே யூரியாவைத் தூவிவிட வேண்டும். அப்பாவோ தாத்தாவோ வயலில் செய்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கைப்பழக்கம் மாதிரி. ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் முதல் வீட்டை வாங்கி, ஜூன் மாத மழையைப் பார்த்ததும் அந்தப் பழக்கம்தான் முதலில் எட்டிப்பார்க்கும். கடைக்குப் போய் ஒரு மூட்டை உரம் வாங்கி வந்துவிடலாம் என்று தோன்றும்.

இங்கே அதைச் செய்யக் கூடாது. பினெலஸ் கவுன்ட்டியில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை புல்தரைக்கும் அழகுச் செடிகளுக்கும் தழைச்சத்தோ (நைட்ரஜன்) மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) கலந்த உரம் போடுவது சட்டப்படி தடை. டாம்பா நகரம், மனாட்டீ, சரசோட்டா கவுன்ட்டிகள் என்று விரிகுடாவைச் சுற்றிப் பல இடங்களில் இதே நான்கு மாதத் தடை உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. வீடு வாங்கும்போது கையெழுத்துப் போடும் அத்தனை தாள்களில் எங்கும் இது இருக்காது. எனக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஏன் இப்படி ஒரு விதி

உங்கள் தெருவோரத்தில் இருக்கும் மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. குளியலறைத் தண்ணீர் போகும் குழாய் வேறு, இது வேறு. தெருவில் விழும் மழை அந்த வடிகாலில் இறங்கி ஒரு குட்டைக்கோ ஓடைக்கோ போகும், அங்கிருந்து விரிகுடாவுக்குப் போய்விடும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டுகிறது. பெரும்பாலான நாட்களில் பிற்பகல் இடி மழை. காலையில் வெயில் அடிக்கிறதே என்று உரம் போட்டால், மாலைக்குள் அதில் ஒரு பகுதி கடலை நோக்கிக் கிளம்பிவிடும். மண்ணும் மணல் மண். நம் ஊர்க் கரிசல் மாதிரி சத்தைப் பிடித்து வைக்காது. வேர் குடிக்காத தழைச்சத்து கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும்.

கடலில் இறங்கிய உரம் அங்கும் உரமாகத்தான் வேலை செய்கிறது. பாசிக்குச் சாப்பாடு கிடைத்ததும் தண்ணீர் கலங்குகிறது, வெளிச்சம் அடிவரை போவதில்லை, அடியில் வளரும் கடற்புல் சாகிறது. மீன் குஞ்சும் இறாலும் நண்டும் வளர்வது அந்தக் கடற்புல்லில்தான்.

டாம்பா விரிகுடா ஒரு காலத்தில் கழிவுநீரால் நாறிக்கிடந்தது. 1972-ல் வந்த மாநிலச் சட்டம் விரிகுடாவில் விடும் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரிக்க வேண்டும் என்றது. 1979-ல் டாம்பாவின் பெரிய சுத்திகரிப்பு நிலையம் மேம்படுத்தப்பட்டது. தண்ணீர் மெல்லத் தெளிந்து, 2016-ல் கடற்புல் 41,000 ஏக்கரைத் தாண்டியது. உலகமே பாராட்டிய மீட்சி அது. ஆனால் 2022-ல் அளந்தபோது ஏறத்தாழ 30,000 ஏக்கர்தான் மிச்சம். பினெலஸுக்கும் டாம்பாவுக்கும் நடுவில் இருக்கும், ஓல்டு டாம்பா பே என்று பெயர் கொண்ட பகுதியில் கோடைதோறும் பைரோடினியம் என்ற நுண்பாசி பெருகுகிறது. இரவில் துடுப்புப் போட்டால் நீலமாக மின்னும். பார்க்க அழகுதான், கடற்புல்லுக்கு வரவேண்டிய வெளிச்சத்தை மறைப்பதும் அதுதான்.

மாநிலத்தின் கிழக்குக் கரையில் இது இன்னும் மோசமாக முடிந்தது. 156 மைல் நீளமுள்ள இந்தியன் ரிவர் காயலில் 2011-ல் பெரும் பாசிப் பெருக்கம் வந்தது. அதைத் தொடர்ந்து கடற்புல் ஏக்கர் ஏக்கராக அழிந்தது. அதைத் தின்று வாழும் மனாட்டீ என்ற கடற்பசுக்கள் பட்டினியால் செத்தன. 2021-ல் மட்டும் ஃபுளோரிடா முழுவதும் 1,100 மனாட்டீகள் இறந்தன. அடுத்து வந்த குளிர்காலத்தில் அரசு அதிகாரிகளே லெட்டூஸ் கீரையை மூட்டை மூட்டையாகத் தண்ணீரில் போட்டு அவற்றுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். நம் பாக் விரிகுடாவில் இருக்கும் ஆவுளியாவின் சொந்தக்கார விலங்கு இது. ஆவுளியாவுக்கும் கடற்புல்தான் உணவு. அதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-ல் 448 சதுர கிலோமீட்டரில் ஒரு காப்பகமே அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டவர்களுக்கு இங்கே வீட்டு வாசலில் அதே காரணத்துக்காக இருக்கும் விதியைக் கடைப்பிடிப்பது கஷ்டமாக இருக்காது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கடலுக்குப் போகும் தழைச்சத்து எல்லாம் புல்தரையிலிருந்து போவதில்லை. செப்டிக் தொட்டிகள், பழைய கழிவுநீர்க் குழாய்கள், வாகனப் புகையும் மின்நிலையப் புகையும் காற்றிலிருந்து இறங்குவது, தொழிற்சாலைகள் என்று நிறைய இருக்கின்றன. 2021-ல் பைனி பாயிண்ட் என்ற மூடப்பட்ட பாஸ்பேட் ஆலையிலிருந்து மட்டும் சுமார் 21 கோடி கேலன் சத்து மிகுந்த நீர் விரிகுடாவில் விடப்பட்டது. கரையோரம் மீனைக் கொன்று, மூச்சை அடைக்கும் ரெட் டைட் என்ற பாசிப் பெருக்கம் தொடங்குவதும் ஆழ்கடல் பக்கத்தில்தான், நம் தெருவில் அல்ல. கரைக்கு வந்த பிறகுதான் நம் பக்கத்துச் சத்து அதற்குத் தீனியாகச் சேர முடியும். சரி, அப்படியென்றால் என் ஒரு மூட்டையில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஆலையைத் திருத்துவதும் குழாயை மாற்றுவதும் நம் கையில் இல்லை. வருடம் முழுக்கக் காசு செலவில்லாமல் இன்றே நிறுத்தக்கூடியது இது ஒன்றுதான். லட்சக்கணக்கான வீடுகள் இருக்கும் பகுதியில் அது சிறிய தொகை அல்ல.

முதலில் உங்கள் வீடு யார் எல்லைக்குள் இருக்கிறது என்று பாருங்கள்

நம்மில் பலர் தடுக்கி விழும் இடம் இது. தபால் முகவரியில் டாம்பா என்றோ கிளியர்வாட்டர் என்றோ இருக்கும். அதற்காக வீடு அந்த நகர எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நகராட்சி எதிலும் சேராத கவுன்ட்டிப் பகுதியாக இருக்கலாம். நகரத்துக்கு ஒரு விதியும் கவுன்ட்டிக்கு வேறு விதியும் இருக்க முடியும் என்பதால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கவுன்ட்டியின் பிராப்பர்ட்டி அப்ரெய்சர் தளத்தில் முகவரியைப் போட்டால் எந்த எல்லை, எந்த வரி மாவட்டம் என்று வந்துவிடும். அப்புறம் அந்த நகரத்தின் அல்லது கவுன்ட்டியின் சட்டத் தொகுப்பில் உரம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். பல ஊர்களின் சட்டத் தொகுப்பு முனிகோட் தளத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று பக்கம்தான், படித்துவிடலாம்.

படிக்கச் சிரமமாக இருந்தால் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் எக்ஸ்டென்ஷன் அலுவலகம் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒன்று இருக்கிறது. போனில் கேட்டாலே சொல்வார்கள். நம் ஊர் வேளாண் விரிவாக்க மையம் மாதிரிதான், கேட்கத் தயங்க வேண்டாம்.

வேறு ஊருக்குக் குடிபோனால் மறுபடி பாருங்கள். இந்த விதிகள் ஒரே நாளில் மாநிலம் முழுக்க வந்தவை அல்ல. 2007-ல் சனிபெல் தீவும் சரசோட்டா கவுன்ட்டியும் போட்டன, 2010-ல் பினெலஸ். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மயாமி-டேடில் தடை மே 15-ல் தொடங்கி அக்டோபர் 31 வரை போகிறது. 2023-ல் மாநில அரசு, உள்ளூர் அமைப்புகள் புதிதாக இப்படித் தடை போடுவதை ஒரு வருடம் நிறுத்திவைத்து, பல்கலைக்கழகத்தை ஆராயச் சொன்னது. ஏற்கெனவே இருந்த தடைகள் அப்படியே தொடர்ந்தன. புல் நன்றாக வளரும் கோடையில் போட்டால்தான் அது சத்தை முழுதாகக் குடிக்கும், அப்போது தடை செய்வது தவறு என்று புல் நிபுணர்களில் ஒரு சாரார் சொல்வதுண்டு. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாதம் சரியான அளவை, சரியான நாளில், சரியான கருவியில் போடுகிறவர்களை மனத்தில் வைத்துச் சொல்வது. ஒரு தெருவில் அப்படிப் போடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தினமும் மழை பெய்யும் மாதத்தில் அந்த நம்பிக்கையை வைத்து விரிகுடாவைப் பணயம் வைக்க முடியாது என்பது என் கருத்து.

மூட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மூட்டையின் முன்பக்கம் பெரிதாக மூன்று எண்கள் இருக்கும். 15-0-15 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். நடுவில் மணிச்சத்து, பாஸ்பரஸ் என்பது. கடைசி எண் சாம்பல்சத்து, பொட்டாசியம். எடையில் எத்தனை சதவீதம் என்று சொல்வது இது.

தடை மாதங்களில் முதல் இரண்டு எண்களும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மூன்றாவது என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. பினெலஸில் அந்த மாதங்களில் கடைகள் தழைச்சத்து உள்ள புல் உரத்தை விற்கவே கூடாது, அதனால் அலமாரியிலேயே மாற்றிவைத்திருப்பார்கள். ஆனால் இணையத்தில் ஆர்டர் செய்தால் எதுவும் வீடு தேடி வரும், பக்கத்து கவுன்ட்டிக் கடையிலும் கிடைக்கும். விற்கிறார்கள் என்பதால் போடலாம் என்று ஆகிவிடாது.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, களைக்கொல்லியும் உரமும் சேர்ந்த மூட்டை. களைக்குத்தானே போடுகிறோம் என்று நினைப்போம், உள்ளே தழைச்சத்து இருக்கும். மற்றொன்று, ஆர்கானிக் என்று எழுதிய மூட்டை. இயற்கை உரமானாலும் முதல் இரண்டு எண்களில் ஒன்று பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் தடை மாதத்தில் தொட வேண்டாம். பாசிக்கு இயற்கை, செயற்கை என்ற பேதம் கிடையாது.

மற்ற எட்டு மாதங்களுக்கும் விதி உண்டு. நடு எண் வருடம் முழுக்கப் பூஜ்யமாக இருக்க வேண்டும், மண் பரிசோதனையில் மணிச்சத்துக் குறைவு என்று வந்தால் ஒழிய. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மத்திய ஃபுளோரிடாவின் நிலத்தடியிலேயே பாஸ்பேட் இருக்கிறது. டாம்பாவுக்குக் கிழக்கே போன் வேலி என்ற பகுதியில் அதைத் தோண்டித்தான் உலகத்துக்கே உரம் அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட மண்ணுக்கு நாம் காசு கொடுத்து மணிச்சத்து வாங்கிப் போடுவது வீண்.

அடுத்தது, தழைச்சத்தில் குறைந்தது பாதி மெதுவாகக் கரையும் வகையாக இருக்க வேண்டும். பினெலஸ், சரசோட்டா உட்படப் பல இடங்களில் இது விதி. மூட்டையில் 50 சதவீதம் என்று நேராக எழுதியிருக்காது, நீங்களே வகுத்துப் பார்க்க வேண்டும். பின்பக்கம் சத்து அட்டவணை இருக்கும். அதன் அடியில் சிறிய எழுத்தில், பூச்சுப் பூசிய யூரியாவிலிருந்து மெதுவாகக் கிடைக்கும் தழைச்சத்து இவ்வளவு சதவீதம் என்று ஒரு குறிப்பு இருக்கும். மொத்தத் தழைச்சத்து 15, மெதுவாகக் கிடைப்பது 7.5 என்றால் சரியாகப் பாதி, வாங்கலாம். 15-க்கு 3 என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடையில் நின்று இந்தச் சிறிய எழுத்தைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் எளிது.

மண் பரிசோதனைக்கு எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் பையும் படிவமும் கிடைக்கும், செலவு அதிகமில்லை. தோட்டத்தின் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மண் எடுத்து, கலந்து, உலர்த்தி அனுப்புங்கள். ஒரே இடத்தில் எடுத்தால் முடிவு பொய் சொல்லும்.

எவ்வளவு போடுவது

மாநிலத்தின் கணக்கு சதுர அடியில் இருக்கிறது. பொதுவாக ஒரு தடவைக்கு 1,000 சதுர அடிக்கு 1 பவுண்டு தழைச்சத்து, அதிலும் உடனே கரைவது 0.7 பவுண்டைத் தாண்டக் கூடாது. பவுண்டு என்பது மூட்டையின் எடை அல்ல, உள்ளே இருக்கும் சத்தின் எடை. 15-0-15 மூட்டையில் 1 பவுண்டு தழைச்சத்து வேண்டுமானால் 1-ஐ 0.15-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 6.7 பவுண்டு உரம் வரும். உங்கள் புல்தரை 3,000 சதுர அடி என்றால் 20 பவுண்டு. 50 பவுண்டு மூட்டை வாங்கியிருந்தால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். மூட்டையை வாங்கிவிட்டோமே என்று முழுவதையும் கொட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

புல்தரையை அளக்கும்போது வீடு, டிரைவ்வே, நடைபாதை, செடிப் பாத்தி எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். மனையின் அளவு 8,000 சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கும், புல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. அந்த நகரம் 1977 முதல் சுத்திகரித்த கழிவுநீரைத் தோட்டத்துக்குத் தனிக் குழாயில் கொடுக்கிறது. ஊதா நிறக் குழாயோ மூடியோ தோட்டத்தில் இருந்தால் உங்களுக்கு வருவது அந்த நீராக இருக்கலாம். அதில் ஏற்கெனவே தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்திருக்கிறது. ஒவ்வொரு முறை தண்ணீர் பாய்ச்சும்போதும் கொஞ்சம் உரம் போகிறது என்று அர்த்தம். இவர்கள் மூட்டை உரத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ளலாம், சிலருக்குத் தேவையே இருக்காது.

வெட்டிய புல்லை அப்படியே தரையில் விட்டுவிடுங்கள். அது மக்கி, புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை திருப்பிக் கொடுக்கும். அதை ஊதுகருவியால் தெருவுக்கோ வடிகாலுக்கோ தள்ளுவதும் பல ஊர்களில் விதிமீறல். வெட்டிய புல்லும் தண்ணீரில் அழுகினால் உரம்தான்.

போடும் நாள்

மார்ச் கடைசி, ஏப்ரல் நல்ல காலம். மே 31 அன்று இரவு அவசர அவசரமாகப் போடுவது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் அர்த்தமில்லாத வேலை. மெதுவாகக் கரையும் உரம் வாரக்கணக்கில் கரையும். மே கடைசியில் போட்டால் அது கரைவதெல்லாம் ஜூன் மழையில்தான்.

வானிலையைப் பாருங்கள். வெள்ள எச்சரிக்கை, புயல் எச்சரிக்கை, சூறாவளி எச்சரிக்கை எது நடப்பில் இருந்தாலும், 24 மணி நேரத்தில் 2 அங்குலம் மழை வரும் என்று சொன்னாலும் எந்த மாதத்திலும் உரம் போடக் கூடாது. தரை நீர் தேங்கிச் சொதசொதவென்று இருந்தாலும் வேண்டாம்.

உரம் தூவும் கருவியான உருளும் ஸ்பிரெட்டர் ஒன்று வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள், கையால் வீசாதீர்கள். விசிறி எறியும் வகையாக இருந்தால் ஒரு பக்கத்தை மறைக்கும் தடுப்புத் தகடு இருக்க வேண்டும். டிரைவ்வே பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் போகும்போது அந்தத் தகட்டை இறக்கிவிட வேண்டும். உரத்தைக் கருவியில் நிரப்புவதைப் புல்லின் மேல் வைத்துச் செய்யாமல், டிரைவ்வேயில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு அதன்மேல் செய்யுங்கள். சிந்தினால் அள்ளிவிடலாம். போட்டு முடித்ததும் சிமென்ட் தரையில் கிடக்கும் ஒவ்வொரு குருணையையும் பெருக்கிப் புல்லுக்குள் தள்ளுங்கள். இதுவும் விதிதான். ஹோஸ் பைப்பால் கழுவிவிட்டால் நேராக வடிகாலுக்குப் போய்விடும்.

பிறகு கால் அங்குலம் தண்ணீர் பாய்ச்சுங்கள். கால் அங்குலத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று காலி டூனா மீன் டப்பாவைத் தரையில் வைத்துத் தெளிப்பானைப் போட்டால் போதும், நிமிடக் கணக்கு கிடைத்துவிடும். உங்கள் பகுதியில் வாரத்தில் எந்த நாளில் தண்ணீர் பாய்ச்ச அனுமதி என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் புல் பாய் விரித்திருந்தால் முதல் 30 நாள் உரம் வேண்டாம். வேரே பிடிக்காத புல்லால் எதையும் குடிக்க முடியாது.

வீட்டின் பின்னால் குளம் இருந்தால்

புது வளாகங்களில் பல வீடுகளின் பின்னால் அழகான குளம் இருக்கும். குளக்கரை வீடு என்று கூடுதல் விலையும் கொடுத்திருப்போம். பெரும்பாலும் அது இயற்கைக் குளம் அல்ல. தெருவின் மழைநீரைப் பிடித்துவைக்க வெட்டியது. நிரம்பினால் வழிந்து ஓடைக்குப் போகும்.

பினெலஸில் எந்த நீர்நிலையிலிருந்தும் 10 அடிக்குள் உரம் போடக் கூடாது. வேறு சில இடங்களில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். 10 அடியை ஒரு தடவை டேப் வைத்து அளந்து, எல்லையில் நான்கு கல் வைத்துவிடுங்கள். கண் அளவு எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் தப்பும். கரையை ஒட்டிச் சில அடிக்குப் புல்லை வெட்டாமலே விட்டால், அல்லது அந்த ஊர் நீர்ச்செடிகளை நட்டால், மேலிருந்து வரும் சத்தை அவை குடித்துக்கொள்ளும். குளத்தில் பச்சை ஏடு படிவதும் குறையும். குளம் நாறுகிறது என்று வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டத்தில் மருந்தடிக்கச் சொல்லும் முன், சுற்றியிருக்கும் வீடுகள் கரை வரைக்கும் உரம் போடுகிறார்களா என்று ஒரு நடை நடந்து பாருங்கள்.

ஜூலையில் புல் மஞ்சளானால்

ஆகும். தொடர் மழையில் சத்து கழுவிப்போய் நிறம் மங்கும். புல் சாகவில்லை, பசுமை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கே அதிகம் இருக்கும் செயின்ட் அகஸ்டின் புல்லுக்கு இரும்புச்சத்து கொடுத்தால், அதிகம் வளராமல் பச்சை மட்டும் ஏறும். கோடைக்கென்றே விற்கும் மூட்டைகளில் இரும்பும் சாம்பல்சத்தும் நுண்ணூட்டங்களும் இருக்கும், முன்பக்கம் 0-0 என்று தொடங்கும். இரும்பு சிமென்ட் தரையில் பட்டால் துருக்கறை விழும், லேசில் போகாது. பட்ட உடனே பெருக்கிவிடுங்கள்.

புல்லை மிகவும் ஒட்ட வெட்டுவதும் மஞ்சளுக்குக் காரணம். செயின்ட் அகஸ்டினுக்கு மூன்றரை முதல் 4 அங்குல உயரம் வேண்டும். வெட்டும் கருவியின் பிளேடு மழுங்கியிருந்தால் நுனி கிழிந்து பழுப்பாகத் தெரியும், அதை உரக்குறை என்று நினைத்துவிடுவோம். வட்ட வட்டமாகக் காய்ந்தால் பூச்சியாகவோ பூஞ்சையாகவோ இருக்கலாம். அதற்குத் தழைச்சத்து போட்டால் நோய் அதிகமாகும். ஒரு துண்டைப் பெயர்த்து எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் காட்டுங்கள்.

ஆள் வைத்துச் செய்பவர்களுக்கு

கூலிக்கு உரம் போடுகிறவர்கள் 2014 முதல் மாநிலச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பயிற்சி எடுத்துத் தேறினால்தான் அது கிடைக்கும். ஒப்பந்தம் போடும் முன் காட்டச் சொல்லிக் கேளுங்கள். புல் மட்டும் வெட்டுகிறவருக்கு இது தேவையில்லை. அவரே, அண்ணா, அப்படியே உரமும் போட்டுவிடுகிறேன், 40 டாலர் கொடுங்கள் என்று சொன்னால் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு வருடம் ஒரு நிறுவனத்தை வைத்திருந்தோம். ஜூலையில் ஒருநாள் அலுவலகத்திலிருந்து திரும்பினால் டிரைவ்வே முழுக்க மஞ்சள் குருணை சிதறிக் கிடக்கிறது. வாசலில் செருகியிருந்த சீட்டில் என்ன போட்டார்கள் என்றே எழுதவில்லை. கூப்பிட்டுக் கேட்டால் மூட்டையின் எண்ணைச் சொல்ல அவர்களுக்கே இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் என்ன உரம், மூன்று எண்கள் என்ன, எத்தனை பவுண்டு என்று எழுதித் தரச் சொல்லி ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வருடத்துக்கு ஆறு தடவை, எட்டு தடவை என்று திட்டம் விற்பார்கள். கோடையில் வரும் தடவைகளில் என்ன போடுவீர்கள் என்பது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தால்

வீட்டு உரிமையாளர் சங்கம், புல் பச்சையாக இல்லை என்று கடிதம் அனுப்பும். பயந்துபோய் உரம் வாங்க ஓடாதீர்கள். உள்ளூர்ச் சட்டம் சங்க விதியைவிட மேலானது. தடை மாதத்தில் உரம் போட முடியாது என்று அந்தச் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மரியாதையாகப் பதில் எழுதுங்கள், இரும்புச்சத்து கொடுத்திருக்கிறோம் என்றும் சேருங்கள். 2009-ல் வந்த மாநிலச் சட்டத் திருத்தப்படி, தண்ணீரும் உரமும் குறைவாகக் கேட்கும் ஃபுளோரிடா ஃபிரெண்ட்லி முறைத் தோட்டத்தை எந்தச் சங்கமும் தடுக்க முடியாது. வடிவமைப்புக்கு முன் அனுமதி கேட்கச் சொல்லலாம், ஒரேயடியாகக் கூடாது என்று சொல்ல முடியாது. புல் நிற்காத நிழல் பகுதியிலாவது உள்ளூர்ச் செடிகளுக்கு மாறிவிட்டால் உங்களுக்கும் வேலை குறையும்.

முருங்கையும் வெண்டையும்

நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். காய்கறித் தோட்டத்துக்கும் பழ மரங்களுக்கும் பெரும்பாலான ஊர் விதிகளில் கோடைத் தடையிலிருந்து விலக்கு உண்டு. வெண்டை, கத்தரி, புடலை, முருங்கை எல்லாம் இங்கே கோடையில்தான் ஓங்கி வளர்கின்றன. தண்ணீர்க் கரையிலிருந்து விலகியிருக்கும் விதி இவற்றுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகக் கொட்டாமல் செடியின் தூரில் ஒரு கைப்பிடி, மேலே மண்ணோ இலைச்சருகோ மூடிவிட்டால் மழை அள்ளிக்கொண்டு போகாது. தொட்டியில் வளர்ப்பவர்கள் அடியில் தட்டு வையுங்கள். வழிந்த தண்ணீரைத் தெருப் பக்கம் ஊற்றாமல் வேறு செடிக்கு ஊற்றுங்கள்.

அக்டோபர் 1

தடை முடிகிற நாளன்று காலையிலேயே ஸ்பிரெட்டர் சத்தம் கேட்கும். அக்டோபர் 1 அனுமதி கிடைக்கும் நாள் மட்டும்தான், அன்றே போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சூறாவளிப் பருவம் நவம்பர் 30 வரை இருக்கிறது. 2024 அக்டோபர் 9 அன்று இரவு மில்டன் சூறாவளி சரசோட்டா அருகே கரையேறியபோது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. அந்த வாரத் தொடக்கத்தில் போட்ட உரம் புல்லில் நின்றிருக்க வழியே இல்லை. பத்து நாள் வானிலையைப் பார்த்து, மெக்சிகோ வளைகுடாவில் புயல் எதுவும் உருவாகவில்லை என்று தெரிந்த பிறகு, காய்ந்த ஒரு நாளில் போடுங்கள். குளிர் தொடங்கிப் புல் தூங்கப்போகும் நேரம் ஆகிவிட்டால் அந்த வருடம் விட்டுவிட்டு மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம்.

மிச்ச மூட்டையை கராஜில் தரையோடு வைக்காமல் உயரமான தட்டில், வாயைக் கட்டி, ஈரம் படாமல் வையுங்கள். புயல் நீர் கராஜுக்குள் வரும் பகுதியில் இருந்தால் இன்னும் மேலே.